பீர்க்கங்காய் கசந்த வாரம்

ராத்திரி முழுக்க
முப்பத்தெட்டுப் பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு
வடபழஞ்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறேன்.
இணையம் வராத வீடுகள்,
இரண்டு தடவை பணம் பிடித்த கணக்குகள்.
எல்லோருக்கும் ஒரே குரல்தான் என்னிடம்:
உங்கள் சிரமம் புரிகிறது.
மூன்று நொடிக்குள் சொல்லியாக வேண்டும்.
தாண்டினால் மதிப்பெண் குறையும்.

பழங்காநத்தம் உழவர் சந்தையில்
காலை ஆறரைக்கு
யார் சிரமமும் யாருக்கும் புரிவதில்லை.
"தராச மறைக்காம நில்லுங்க."
"முனைய ஒடிக்காதீக, வெண்டைக்கா என்ன உங்க வீட்டுதா?"
சில்லறை இல்லை என்றால்
அதற்கும் ஒரு பச்சை மிளகாயை எண்ணிப் போடுகிறார்கள்.
கறிவேப்பிலை கேட்பவரின்
முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு பையைப் பார்க்கிறார்கள்,
பிறகுதான் கை நீள்கிறது.

அறுபத்தோராம் கடை, ஒச்சம்மா, தென்பழஞ்சி.
கழுத்து அட்டைப் படத்தில்
பத்து வருஷத்துக்கு முந்திய கோபம்.
நான் வேலைக்குப் போகிற சாலையில்தான்
அவள் மூட்டைகள் எதிரே வருகின்றன.

டப்பாவைத் திறந்து நீட்டினேன்.
முந்தின நாள் நான் வைத்த பீர்க்கங்காய்க் கூட்டு.
ஒரு வாய்க்கு மேல் ஜெபராஜ் தொடவில்லை.
"ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட வாங்கினது. கசக்குது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.
எங்கள் இடத்தில் இதற்குப் படிகள் உண்டு.
முதலில் வாடிக்கையாளரைச் சந்தேகப்பட வேண்டும்,
மரியாதையாக.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.
இரண்டு விரலால் அள்ளி வாயில் போட்டாள்.
தகரக் கூரையைப் பார்த்தபடி மென்றாள்.
அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்
கையை நிறுத்திவிட்டார்.

"ஆமா. வேப்பங்கொட்டையாட்டம் இருக்கு."
விழுங்கினாள்.
"உப்பும் பத்தல."

அவ்வளவுதான். வருத்தம் ஒன்றும் இல்லை.
"குட்டையா, காம்புகிட்ட வளைஞ்ச காயா?"
"ஆமா."
"அப்ப மோட்டார் ரூம் செவுத்துல ஏறுன கொடிதான்.
தண்ணி எட்டல அதுக்கு. அறுத்துர்றேன்."

காசு திரும்பவில்லை.
இரண்டு காயை எடுத்து நுனியை நகத்தால் ஒடித்து
ஒன்றைத் தான் கடித்தாள்,
இன்னொன்றை என் கையில் வைத்தாள்.
பச்சைத் தண்ணீர் போல் ஒரு இனிப்பு.
பின்னால் நின்ற அம்மா கேட்டார்:
"எனக்கும் அப்பிடியே கடிச்சுப் பாத்துக் குடு."
"எனக்கு ஒரு வாய்தான் இருக்கு, போங்க."

அன்றிரவு திருமங்கலத்திலிருந்து ஒருவர்.
நாலு நாளாக இணைப்பு இல்லை.
மூன்று நொடி போயிற்று.
ஐந்தும் போயிற்று.
"ஆமா சார், இல்லதான். இங்க திரையில எனக்கும் தெரியுது."
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு, இறங்கிய குரலில்,
"எப்ப வரும்?"
"தெரியல சார். உங்க தெருவே செத்துக் கெடக்கு.
நான் நாளைக்குக் கூப்பிடுறேன்."

நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டார்கள்.
பதிவை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினார்கள்.
என் குரலை நானே அப்போதுதான் கேட்டேன்,
சளி பிடித்திருந்தது அதற்கு.
மறுநாள் அவரைக் கூப்பிட்டேன்.
எடுக்கவில்லை.

ஞாயிறு, மறுபடி அறுபத்தொன்று.
"கொடிய அறுத்தாச்சா?"
ஒச்சம்மா எடைக்கல்லை மாற்றிக்கொண்டே சொன்னாள்:
"பூ விட்டிருந்துச்சு."
"அதுக்கு?"
"ஒரு கொடம் தண்ணி ஊத்தி விட்டுட்டு வந்தேன்."

குவியலைப் பார்த்தேன்.
குட்டைக் காய்கள் மட்டும் தனியே ஒரு சாக்கில்.
ஒவ்வொன்றுக்கும் நுனி இல்லை.
ஒடித்த இடத்தில் பால் காய்ந்து
பழுப்பாகியிருந்தது.

அரைக் கிலோ என்றேன், அந்தச் சாக்கைக் காட்டி.
அவள் நிமிர்ந்து
முதல் தடவையாக என்னைச் சரியாகப் பார்த்தாள்.

"இந்த வாட்டியாச்சும் உப்புப் போடுவீகளா?"